ஒரே குத்து

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயத்தினால் அல்ல. அதை எழுதி, வாசித்துத் திருத்தி, மறுபடியும் வாசிக்கும் பொறுமை எனக்கில்லை. டொக்டர் என்றே சொல்கிறேன். ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரும் நானும் மூன்று வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் மயக்க மருந்து டொக்டர்; தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் தாதி, யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, பதினொரு வயதில் இங்கே வந்து சேர்ந்தவள்.

அவருடைய கைகள் அழகானவை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நீண்ட விரல்கள், சீராக வெட்டிய நகங்கள். ஒவ்வொரு தடவை கை கழுவிய பின்னும் சட்டைப் பையிலிருந்து சின்ன டியூப் ஒன்றை எடுத்து ரோஜா வாசமுள்ள கிரீம் பூசுவார். விரல் விரலாக, அவசரமில்லாமல். இப்போதும் ஏதாவது கடையில் அந்த வாசம் வந்தால் வெளியே வந்துவிடுவேன்.

அவர் செய்த எதிலும் பிழை இருந்ததில்லை. கோப்பி கொட்டினால், "இந்த மேசை ஆடுது சிஸ்டர்." காரைத் தரிப்பிடத்துத் தூணில் தேய்த்துவிட்டு வந்த அன்று, "தூணை எங்க கொண்டுபோய் வச்சிருக்கான் பாருங்க, அறிவு கெட்டவன்." கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் ரயில் பிழை. ரயில் ஓடாத நாளில் தன் மனைவி பிழை. முதல் சில மாதங்கள் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். வீட்டில் போய் என் கணவருக்கு நடித்தும் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்று கழுத்துக் குழாய் வைப்பது. மிகவும் மோசமான நிலையில் இருக்கும் நோயாளிக்குக் கையிலுள்ள சின்ன நரம்பு போதாது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் கடும் மருந்துகளைக் கொடுப்பதற்கு, கழுத்திலோ காறையெலும்புக்குக் கீழேயோ ஊசியால் குத்தி, பெரிய நாளத்துக்குள் மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குக் கிட்டவரை இறக்க வேண்டும். அந்த நாளத்துக்குப் பக்கத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி துடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கீழே நுரையீரலின் நுனி. அதனால்தான் இப்போது எல்லோரும் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக் குத்துகிறார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வேளை பிழைக்கும். பிழைத்தால் சொல்வார்கள், எழுதுவார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

அவர் திரையை விரும்புவதில்லை. "அது கை வராதவனுக்கு" என்பார். குழாய் வைத்து முடிந்ததும் கணினியில் நோர்வே மொழியில் எழுதும் வரி எப்போதும் ஒன்றுதான்: ஒரே குத்தில் வைக்கப்பட்டது, சிக்கல் எதுவுமில்லை. பக்கத்தில் நின்று பொருட்களை எடுத்துக் கொடுப்பவள் நான். சில நாட்களில் அது உண்மை. அவருடைய கை நல்ல கைதான். பல நாட்களில் இரண்டு, மூன்று, நான்கு.

வட நோர்வேயிலிருந்து வந்து மகளோடு இருந்த வயதான மீனவர் ஒருவர் ஞாபகம் வருகிறார். இரண்டாவது குத்தில் ஊசி தமனிக்குள் போய்விட்டது. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் துடித்துத் துடித்து வந்தது. உடனே ஊசியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் அரை நிமிடம் அழுத்தினார். அதற்குள் தொலைபேசி அடித்தது, எடுக்கப் போய்விட்டார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அழுத்துவதற்குள் கழுத்தில் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தவர் என்னிடம் தமிழில், "இது கழுத்தா? எருமைக்குக் கூட இதைவிடத் தோது இருக்கும்" என்றார். மகள் வந்து நீலம் பாரித்திருந்த கழுத்தைக் காட்டிக் கேட்டபோது, இரத்தத்தை மெல்லியதாக்கும் மருந்தின் விளைவு என்று விளக்கினார். மகள் நன்றி சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தடவை, இரத்தப் புற்றுநோயோடு இருந்த ஆசிரியை. கிருமி நீக்கிய கையுறையோடு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர், வழுகிய மூக்குக்கண்ணாடியை அதே கையால் மேலே தள்ளிவிட்டார்.

"டொக்டர், கையுறையை மாத்துங்கோ" என்று புதியதை நீட்டினேன்.

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு சிஸ்டர். காலைலதான் துடைச்சேன்."

அதே கையால் குழாயை உள்ளே தள்ளினார். ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. குழாய் நுழைந்த இடத்தை அமர்த்தியபோது மஞ்சளாகச் சீழ் வந்தது. அந்த மணத்தை ரோஜாக் கிரீமால்கூட மறைக்க முடியவில்லை. "சில பேரு தோல் இப்படித்தான், வியர்க்கிற தோல்" என்றார் எட்ட நின்று. வேறு மூவருக்குத் தோல் தடிப்பாம், இன்னொருவருக்குக் கழுத்துக் குட்டையாம். உடம்புகள் எல்லாம் அவருக்கு எதிராகச் சதி செய்தன.

இதையெல்லாம் அவர் நோயாளியின் தலைக்கு மேலே, என்னோடு தமிழில் சொல்வார். மற்றவர்களுக்கு விளங்காது என்பது அவருக்கு வசதியாக இருந்தது. "எண்ணாதீங்க சிஸ்டர், எண்ணினா ராசியில்லை" என்று கண்ணைச் சிமிட்டுவார். ஒரே மொழி பேசும் இரண்டு பேர் என்ற முறையில் என்னையும் தன் பையில் போட்டுக்கொண்டார். நானும் போய் இருந்துவிட்டேன். ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் அம்மா ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "உங்கட வார்டிலை எங்கட தமிழ் ஆள் ஒருத்தர் பெரிய டொக்டராம். நல்ல கெட்டிக்காரனாமே?"

"ஓம் அம்மா, கெட்டிக்காரன்" என்றேன்.

பிறகு ஒரு மார்ச் மாதத்தில் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருப்பவர், பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை. சிறுநீரகத்தில் தொடங்கிய கிருமித் தொற்று இரத்தத்தில் பரவி, அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாரே தவிர நினைவு தப்பவில்லை. மெல்லக் கேட்டால் மெல்லப் பதில் சொன்னார். கணவர், ஒல்லியான மனிதர், டொக்டரின் பெயரைக் கேட்டதும் கைகூப்பினார். "கடவுளாப் பார்த்து எங்கட ஆளை அனுப்பியிருக்கிறார்" என்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

முகத்தையும் நெஞ்சையும் பச்சைத் துணியால் மூடி, கழுத்துப் பக்கம் மட்டும் திறந்து வைப்பது வழக்கம். துணிக்குக் கீழே அந்தப் பெண்ணின் கையை நான் பிடித்திருந்தேன். அல்ட்ராசவுண்ட் பெட்டி அடுத்த அறையில் நின்றது. "கொண்டு வரட்டா?" என்று கேட்டேன். "தேவையில்லை" என்றார் டொக்டர்.

மரத்துப்போவதற்கான ஊசி. பிறகு ஒரு குத்து. இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவதில் சிவப்பு பீறியது, தமனி. அழுத்தினார், போதிய நேரம் இல்லை. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை என் விரல்களை இறுக்கியது. இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கியது. நான் எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன்.

"இந்தக் கிழவி கழுத்துல ஒண்ணுமே பிடிபட மாட்டேங்குதே" என்றார். "நரம்பா இது, நூல் மாதிரி."

"டொக்டர், ஆருக்கும் போன் அடிச்சுக் கூப்பிடட்டா?"

"எதுக்கு? கீழ பார்க்கலாம்."

காறையெலும்புக்குக் கீழே மூன்று குத்து. கடைசிக் குத்தில் ஊசிக் குழலுக்குள் இரத்தத்துக்குப் பதிலாகக் காற்றுக் குமிழ் வந்தது. காற்று என்றால் ஊசி நுரையீரலைத் தொட்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். திரும்பவும் கழுத்துக்குப் போய்க் குத்தினார். அந்தத் தடவை சரி வந்தது.

"எழுதும்போது ஒண்ணுன்னு போட்டுக்கலாம்" என்று கையுறையைக் கழற்றினார். நெஞ்சிலிருந்த மூன்று குத்துக்கும் மேலே நேர்த்தியாகச் சின்ன ஒட்டுத்துணி ஒன்றை ஒட்டினார். கை கழுவினார். கிரீமைப் பூசினார்.

உடனே எடுத்த எக்ஸ்ரே படத்தில் குழாய் சரியான இடத்தில் இருந்தது. நுரையீரல் சுருங்கச் சில மணி நேரம் எடுக்கலாம், முதல் படத்தில் தெரியாமலும் போகலாம். எனக்கு இது தெரியும். என் வேலை நேரம் மூன்றரைக்கு முடிந்தது. அடுத்து வந்த தாதியிடம், "கழுத்திலை குழாய் வைச்சிருக்கு, டொக்டர் எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மாலை அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. கடமையிலிருந்த இளம் டொக்டர் குறிப்பைப் பார்த்திருக்கிறார்: கழுத்து, ஒரே குத்து, சிக்கலில்லை. ஆகவே நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது படம் எடுத்தபோது வலது நுரையீரல் முழுதாகச் சுருங்கிக் கிடந்தது. விலாவில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றி, தொண்டைக்குள் குழாய் விட்டு, இயந்திரத்தில் போட்டார்கள். அடுத்த நாள் காலை நான் வந்து பார்க்கையில் கழுத்து ஊதி, காதுவரை கறுத்திருந்தது.

இயந்திரத்தில் ஆறு நாள் இருந்தார். மூன்றாம் நாள் கணவர் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் கொண்டு வந்தார். "டொக்டர் இல்லாட்டி இவ அண்டைக்கே போயிருப்பா" என்று சொல்லி இரண்டு கையாலும் நீட்டினார். டொக்டர் தாதியர் மேசையடியில் நின்றபடி மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. "நம்ம கடமைதானே" என்றார். விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு என் பக்கம் பெட்டியைத் தள்ளி, "எடுத்துக்கோங்க சிஸ்டர், சூடா இருக்கு" என்றார். நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்டைக் குழாயை எடுத்த மறுநாள், முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் கரகரத்தது.

"பிள்ளை, நீர் தானே அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சிருந்தனீர்?"

"ஓம்."

"ஒவ்வொரு குத்துக்கும் ஒரு அருள் நிறைந்த மரியாயே சொன்னனான். செபமாலையிலை ஒரு பத்து முடிஞ்சிடும் எண்டு பார்த்தன். ஒன்பதோடை நிண்டிட்டுது."

நான் எட்டு என்று எண்ணியிருந்தேன். மரத்துப்போகப் போட்ட ஊசியை அவர் சேர்த்திருந்தார். அவருக்கு அதுவும் குத்துத்தானே.

"எழுதேக்கை ஒண்டெண்டு போடுவம் எண்டவர். கிழவி எண்டும் சொன்னவர். எனக்கு அம்பத்தெட்டு." சிறிது மூச்சு வாங்கினார். "அவர் சொன்னதை விடும். நீர் ஒண்டும் சொல்லேல்லையே எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்."

அன்று மத்தியானம் தவறு அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். பிரிவுத் தலைவர் நோர்வேயின் மேற்குக் கரையோரப் பெண், அதிகம் பேசாதவர். என்னையும் டொக்டரையும் கூப்பிட்டார். டொக்டர் சிரித்த முகத்தோடு வந்தார். நோயாளி நினைவில்லாமல் இருந்தவர், சிஸ்டர் களைப்பாக இருந்திருப்பார், எண்ணிக்கையில் குழப்பம் என்றார். தலைவர் எழுந்து நேரே நோயாளியிடம் போனார். சட்டையை விலக்கி, காறையெலும்புக்குக் கீழேயிருந்த ஒட்டுத்துணியை உரித்தார். மூன்று கறுத்த பொருக்குகள்.

"குறிப்பில் கழுத்து என்று இருக்கிறது. இது என்ன?" என்று கேட்டார்.

முதன்முறையாக அவருக்குச் சொல்வதற்கு ஒரு மேசையோ தூணோ கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தலைவரின் கட்டளைப்படி, மன்னிப்புக் கேட்க வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் கணவர், கால்மாட்டில் தலைவரும் நானும். "அம்மாவுக்குப் புரியணும், நான் தமிழ்லயே பேசுறேன்" என்று தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். தலையைச் சாய்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். பார்க்கிறவர்களுக்கு உருக்கமாக இருந்தது.

"அம்மா, உங்க நரம்பு ரொம்ப மெல்லிசு. வேற யாரு கையில மாட்டியிருந்தாலும் அன்னைக்கே உயிர் போயிருக்கும். நான் இருந்ததால தப்பிச்சீங்க. இங்க சில பேருக்கு நம்ம ஆளுங்க முன்னேறினா பிடிக்காது. நீங்க அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

தலைவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் முடித்ததும் என் பக்கம் குனிந்து, "நன்றாகச் சொன்னாரா?" என்று கேட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அதே பழைய கண் சிமிட்டல். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரைப் பார்த்து மட்டுமல்ல.

"அவர் மன்னிப்புக் கேட்கவில்லை" என்றேன் நோர்வே மொழியில். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். எருமைக் கழுத்துவரை போகவில்லை. அன்று சொன்னதை மட்டும்.

தலைவரின் முகம் சிவந்தது. "திரும்பவும் சொல்லுங்கள். நோர்வே மொழியில். அவள் மொழிபெயர்ப்பாள்."

கணவர் குறுக்கிட்டார். "உமக்கேன் தங்கச்சி இந்த வேலை? ஆள் தப்பியிட்டுது தானே. எங்கட ஆளை நாங்களே..."

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் அந்தப் பெண். "குத்து வாங்கினது நான்."

டொக்டர் நோர்வே மொழிக்கு மாறினார். சில தவறுகள் நேர்ந்துவிட்டன, அதற்காக வருந்தப்படுகிறது என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"நேர்ந்தது எண்டால்? ஆர் விட்ட பிழை எண்டு கேளும் பிள்ளை."

கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மேலே தொங்கிய மருந்துப் பைகளைக்கூடப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில், தொண்டையில் மாட்டிய முள்ளைக் கக்குகிறவர் போல, "நான்" என்றார்.

"சரி. எழுதினதை மாத்தி எழுதச் சொல்லும். ஒன்பது" என்று சொல்லிவிட்டு, தன் கையை அவருடைய கைகளுக்குள்ளிருந்து உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

டொக்டர் திருத்தி எழுதினார். சில காலம் தனியாகக் குழாய் வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டார். கோடை முடிவதற்குள் வேறு நகரத்துக்கு மாறிப் போனார். அங்கேயும் கழுத்துகள் இருக்கும். அந்தப் பெண் மே மாத நடுவில் நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பின் கோயிலிலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளிலும் சிலர் என்னைக் கண்டால் கதையை நிறுத்துவார்கள். டொக்டரின் பிழைப்பைக் கெடுத்தவள் நான்.

அது எனக்குப் பெரிதில்லை. மன்னிப்புக் கேட்ட அன்று பின்னேரம் தலைவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"இவர் இப்படி என்று உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?" என்று கேட்டார்.

"மூன்று வருடம்."

"மூன்று வருடமும் நீ பக்கத்தில் நின்றாய்."

"ஓம்."

"அந்த நோயாளிகள் எல்லோரும் நோர்வேக்காரர்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். மீனவரின் மகள் நன்றி சொன்னதும், ஆசிரியையின் சீழும், அம்மாவிடம் நான் சொன்ன பதிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எங்கள் ஆள் ஒருவரின் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று அவர்களுடைய கழுத்துகளைக் கொடுத்திருந்தேன். எங்கள் பெண் ஒருவர் தமிழில் கேட்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்திருந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் ஒரு கட்டுப் படிவங்களை என் முன்னால் தள்ளிவைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார். "ஞாபகம் உள்ள எல்லோரையும் எழுது. அவர்களுக்கு நாங்கள் கடிதம் போட வேண்டும்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். எழுதத் தொடங்கினேன். ஆறு பேருடைய பெயர்கள் வந்தன. மற்றவர்களின் கழுத்துகள் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன.